சுரநூல் தந்த ஜாங் ஜோங்ஜிங்

கடுஞ்சுரத்தில் கிடக்கும் நோயாளியின் கை விரித்த பாயைத் துழாவுகிறது; போர்வையின் ஓரத்தைக் கிள்ளுகிறது; இல்லாத ஒன்றைக் காற்றில் பற்ற முயல்கிறது. கண்கள் ஓரிடத்தில் நிலைகுத்தி நிற்கின்றன. பெற்ற தாய் அருகில் வந்து பெயர் சொல்லி அழைத்தாலும் அடையாளம் தெரிவதில்லை. நம் ஊர்ப்புறத்தார் இந்நிலையைச் சன்னி கண்டுவிட்டது என்பர். சுரத்தின் வெம்மை மூளையைத் தொட்டுவிட்டது என்பதற்கான இந்த அறிகுறிகளை ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்பே சீன மருத்துவர் ஒருவர் கூர்ந்து நோக்கி எழுதிவைத்தார். அவர் பெயர் ஜாங் ஜி. ஜோங்ஜிங் என்பது அவருக்கு வழங்கிய சிறப்புப் பெயர். உலகம் அவரை அறிந்திருப்பது அப்பெயரால்தான். சீனர் அவரை மருத்துவ முனிவர் எனப் போற்றுகின்றனர்.

இளமையும் கல்வியும்

ஜாங் ஜோங்ஜிங் கி.பி. 150ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய ஹெனான் மாநிலத்தைச் சேர்ந்த நான்யாங் பகுதியில் பிறந்தார். ஹான் பேரரசு தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அரண்மனையில் அதிகாரப் போட்டி, நாட்டுப்புறத்தில் பஞ்சம், 184ஆம் ஆண்டில் மஞ்சள் தலைப்பாகையினரின் பெருங்கிளர்ச்சி, அதனைத் தொடர்ந்து படைத்தலைவர்களின் ஓயாத போர் எனக் காலம் கழிந்தது. படை சென்ற வழியெல்லாம் நோயும் சென்றது.

அவரது இளமையைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. ஆளை எடைபோடுவதில் பெயர்பெற்ற ஹே யோங் என்னும் சான்றோர், இளைஞரான ஜாங்கைக் கண்டு, சிந்தனைக் கூர்மை மிக்க இவருக்கு உயர்பதவியைக் காட்டிலும் மருத்துவமே பொருந்தும் என்று கணித்தாராம். பதவியே பெருமை என்று கருதப்பட்ட நாட்டில் இது பாராட்டா குறையா என்று சொல்வது கடினம். ஜாங் தம் ஊரைச் சேர்ந்த ஜாங் போசு என்பவரிடம் மருத்துவம் பயின்றார். ஆசிரியரையும் விஞ்சினார் என்பது பிற்காலத்தார் கருத்து.

ஹான் வரலாற்றையும் அடுத்துவந்த மூன்று அரசுகளின் வரலாற்றையும் விரிவாக உரைக்கும் அரச வரலாற்று நூல்களில் இவருக்கெனத் தனி இயல் ஒன்றும் இல்லை. அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் ஏடு ஏடாக இடம் கொடுத்தவர்கள் இவரை மறந்தனர். பிற்காலக் குறிப்புகள் அவர் சாங்ஷா நகரின் ஆளுநராக இருந்தார் என்கின்றன. திங்கள்தோறும் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அரசு மன்றத்தின் கதவுகளைத் திறந்துவைத்து, வழக்குகளை ஒதுக்கிவிட்டு நோயாளிகளைப் பார்த்தார் என்பது மக்கள் வழங்கும் கதை. சீன மருந்துக் கடைகளில் இருந்து நோய் பார்க்கும் மருத்துவரை மன்றத்தில் அமர்ந்தவர் என்று இன்றும் அழைப்பதற்கு இக்கதையே காரணம் காட்டப்படுகிறது. சாங்ஷாவை ஆண்டவர்கள் பெயர்வரிசையில் அவர் பெயர் காணப்படாமையால் ஆய்வாளர் பலர் இதனை ஏற்பதில்லை.

கவிஞரும் மருத்துவரும்

அவருடைய நோய் நாடும் திறனுக்குச் சான்றாக, அவருக்குப் பின் ஒரு தலைமுறை கழித்து வாழ்ந்த மருத்துவ நூலாசிரியர் ஹுவாங்ஃபூ மி ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளார். வாங் சான் என்பவர் அக்காலத்துப் புகழ்மிக்க கவிஞர். அவருக்கு இருபது வயதைக் கடந்த வேளையில் ஜாங் அவரைச் சந்தித்தார். உடலில் நோய் ஒன்று ஒளிந்திருக்கிறது என்றும், நாற்பது வயதில் புருவம் உதிரும் என்றும், அதன்பின் அரையாண்டில் உயிர் போகும் என்றும் அறிவித்து, ஐந்து கற்களைச் சேர்த்துக் காய்ச்சும் குடிநீர் ஒன்றைப் பருகுமாறு கூறினார். கவிஞருக்கு அது பிடிக்கவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டார், பருகவில்லை. மூன்று நாள் கழித்துச் சந்தித்தபோது பருகிவிட்டதாகக் கூறினார். முகத்தின் நிறத்தைப் பார்த்த ஜாங், அது பொய் என்று உணர்ந்து, உயிரை இவ்வளவு எளிதாக எண்ணலாமா என்று வருந்தினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் புருவங்கள் உதிர்ந்தன. அரையாண்டில் கவிஞர் மறைந்தார் என்று முடிகிறது அந்நிகழ்ச்சி. வாங் சான் இறந்தது 217ஆம் ஆண்டு. பெருங்கொள்ளைநோய் பரவி அக்காலக் கவிஞர் பலரைக் கொண்டுசென்ற ஆண்டும் அதுவே. ஆகவே இந்நிகழ்ச்சியில் எவ்வளவு மெய், எவ்வளவு புனைவு என்று பிரிப்பது அரிது.

இருநூறு பேர் கொண்ட குடும்பம்

ஜாங்கின் வாழ்வைத் திருப்பியது அரசியலன்று. அவர் வீட்டு வாயிலுக்கு வந்த நோய். அவருடைய குலத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தனர். 196ஆம் ஆண்டுக்குப் பின் பத்தாண்டுகள் நிறைவதற்குள் அவர்களில் மூன்றில் இரு பங்கினர் மாண்டனர். மாண்டவர்களில் பத்தில் எழுவரைச் சுரமே கொன்றது. கணக்கிட்டுப் பார்த்தால், தொண்ணூறுக்கும் மேற்பட்ட உறவினர் சுரத்தால் இறப்பதை அவர் கண்ணெதிரே கண்டிருக்கிறார். மருத்துவம் கற்ற ஒருவருக்கு இதைவிடப் பெரிய தோல்வி வேறில்லை.

துயரத்தில் ஆழ்ந்து ஒடுங்காமல் அவர் நூல் எழுதத் தொடங்கினார். அந்நூலின் முன்னுரையில் அவருடைய சினம் வெளிப்படையாகத் தெரிகிறது. கற்றவர்கள் பணத்தையும் செல்வாக்கையும் துரத்துகிறார்கள். நோய் வந்ததும் நடுங்கிப்போய் மந்திரவாதியின் காலில் விழுகிறார்கள் என்று வருந்துகிறார். மருத்துவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தத்தம் குடும்பத்து வழக்கத்தையே பிடித்துக்கொண்டு புதிதாக எதையும் கல்லாதவர்கள், ஒரு நொடி நாடி பார்த்துவிட்டு மருந்து எழுதுபவர்கள், கையைத் தொட்டவர்கள் காலைத் தொடாமல் போவது ஆகியவற்றையெல்லாம் சுட்டிக்காட்டிக் கண்டிக்கிறார்.

குளிரால் உற்ற கேடும் பிற நோய்களும் பற்றிய நூல் எனப் பொருள்படும் அப்பெருநூல் பதினாறு பகுதிகளாக அமைந்தது. குளிரால் உற்ற கேடு என்பது அக்காலச் சீனர் தொற்றுச் சுரங்களுக்கு வழங்கிய பொதுப்பெயர். நுண்கிருமி, தீநுண்மி என்னும் கருத்துகள் தோன்றாத காலம் அது. அவர் குலத்தை அழித்தது இன்னின்ன கிருமி என்று இன்று எவராலும் துணிய இயலாது.

சுரத்தின் ஆறு படிகள்

ஜாங்கின் பெருமை அவர் புதிதாக மூலிகை கண்டுபிடித்ததில் இல்லை. அவர் எடுத்தாண்ட இலவங்கம், இஞ்சி, அதிமதுரம், இலந்தை ஆகியவை அவருக்கு முன்பே வழக்கில் இருந்தவை. சுரம் ஒரே நிலையில் நிற்பதன்று, அது நடந்து செல்வது என்று அவர் கண்டார். குளிர் நடுக்கமும் கழுத்து வலியும் உள்ள முதல் நாளுக்கும், உடல் கொதித்து வியர்வை பெருகித் தாகம் அடங்காத ஐந்தாம் நாளுக்கும், கைகால் சில்லிட்டு உறக்கத்திலேயே கிடக்கும் பிந்தைய நாளுக்கும் ஒரே மருந்து பொருந்துமா? பொருந்தாது என்பது அவர் முடிவு. சுரத்தின் பயணத்தை ஆறு படிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு படிக்கும் நாடி இப்படி இருக்கும், நா இப்படி வறளும், நோயாளி இவ்வாறு பேசுவார் என்று குறித்தார். நம் சித்த மருத்துவர் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் மிகுதி குறைவைக் கண்டு மருந்தை மாற்றுவது போன்றதே இதுவும். அடித்தளக் கருத்துகள் மட்டும் வேறு.

மூளையைத் தொட்ட சுரம் இந்த ஆறனுள் இரண்டாம் படியின் கடுமையான வடிவில் வருகிறது. பிதற்றல், பாய் துழாவுதல், ஆள் அறியாமை, நிலைகுத்திய பார்வை ஆகியவை அங்கே இடம்பெறுகின்றன. அவரது பிற நோய் பற்றிய நூற்பகுதியில், கழுத்து விறைத்து, பற்கள் கிட்டி, முதுகு வில்லாக வளையும் இசிவு நோய் தனியே பேசப்படுகிறது. இவற்றில் எந்நாடியானால் பிழைப்பார், எந்நாடியானால் பிழையார் என்பதையும் அவர் மறைக்காமல் சொல்கிறார்.

மருந்து தரும் முறையில் அவர் காட்டும் நுட்பம் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருளில் முடிகிறது. இலவங்கக் குச்சிக் குடிநீரைப் பருகிய சிறிது நேரத்தில் நோயாளி ஒரு கிண்ணம் சூடான கஞ்சி குடிக்க வேண்டும். பிறகு போர்வை போர்த்திப் படுக்க வேண்டும். உடல் முழுதும் இலேசாக வியர்த்தால் போதும். தண்ணீர் ஓடுவதுபோல் வியர்க்க விட்டால் நோய் தீராது. ஒரு வேளை மருந்திலேயே வியர்த்துவிட்டால் மீதியைத் தரவேண்டா. இப்படிக் கைபிடித்து அழைத்துச் செல்வது போல எழுதிய பழைய மருத்துவ நூல்கள் எந்நாட்டிலும் சிலவே.

இன்னொன்றும் வியப்புக்குரியது. தூக்கிட்டுக்கொண்டவரை மீட்கும் வழியை அவர் நூல் கூறுகிறது. கயிற்றை வெடுக்கென அறுக்காமல் உடலைத் தாங்கி இறக்க வேண்டும். ஒருவர் தலையையும் தோளையும் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் மார்பைத் திரும்பத் திரும்ப அழுத்த, வேறொருவர் கைகால்களை நீட்டி மடக்க வேண்டும். மார்பழுத்தி உயிர் மீட்கும் இன்றைய முதலுதவிக்கு இது மிகப் பழைய முன்னோடி.

பிழைகளின் பதிவேடு

இந்நூலில் பெரும்பாலோர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. கணிசமான நூற்பாக்கள், வேறொரு மருத்துவர் தவறாகச் செய்த மருத்துவத்திற்குப் பின் என்ன ஆயிற்று என்பதைப் பேசுகின்றன. வியர்வை உண்டாக்கக் கூடாதபோது உண்டாக்கினார்கள். நெஞ்சு படபடக்க, நோயாளி தன் கைகளை மார்பின்மேல் குறுக்கே வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார். பேதிக்குக் கொடுக்கக் கூடாதபோது கொடுத்தார்கள். மார்புக்குக் கீழே கல்போல் இறுகிவிட்டது. இந்நிலையில் நூலில் வகுத்த படிவரிசை உதவாது. இப்போது உள்ள அறிகுறிகளை மீண்டும் பார்த்து, எங்கே தவறு நேர்ந்தது என அறிந்து, அதற்கேற்ப மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறார் ஜாங். வெற்றிகளை மட்டும் பறைசாற்றும் மருத்துவ நூல்களுக்கிடையே தோல்விகளை இவ்வளவு ஒழுங்காகப் பதிந்தது அவருடைய நேர்மை. தொண்ணூறு உறவினரை இழந்தவர் வேறு எவ்வாறு எழுதியிருக்க முடியும்!

அவர் 219ஆம் ஆண்டை ஒட்டி மறைந்தார் என்பர். மறுஆண்டே ஹான் பேரரசும் முடிந்தது. போர்க்குழப்பத்தில் நூல் சிதறியது. அடுத்த தலைமுறையில் அரச மருத்துவர் வாங் ஷூஹே கிடைத்த ஏடுகளைத் தேடித் தொகுத்தார். இல்லையேல் ஜாங்கின் நூல் எஞ்சியிருப்பது அரிது. பின்னரும் நானூறு ஆண்டுகள் நூல் மறைவாகவே உலவியது. தென்னாட்டு மருத்துவர்கள் அதனைப் பிறர்க்குக் காட்டாமல் ஒளித்துவைக்கின்றனர் என்று ஏழாம் நூற்றாண்டின் மாமருத்துவர் சுன் சிமியாவ் குறைப்பட்டுக்கொண்டார். இறுதியில் சோங் அரசு அமைத்த மருத்துவ நூல் திருத்தக் குழு 1065ஆம் ஆண்டில் சுரநூலைச் செப்பம் செய்து அச்சிட்டது. கரையான் தின்ற சுவடிகளிலிருந்து தமிழ்ச் செவ்விலக்கியங்களை மீட்ட உ.வே. சாமிநாதையரின் உழைப்பை அறிந்தவர்க்கு இதன் அருமை புரியும். மருந்துகள் நூறுக்கு மேல் கொண்ட அந்நூல் கொரியாவுக்கும் யப்பானுக்கும் சென்றது. அவர் சுரத்துக்குப் பயன்படுத்திய மாஹுவாங் என்னும் செடியிலிருந்து 1885ஆம் ஆண்டில் யப்பானிய வேதியியலர் நாகாய் நாகயோஷி எபிட்ரின் என்னும் மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தார். யப்பானிலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. ஜாங்கின் நூலில் உள்ள சுரக் குடிநீர் ஒன்றை, நோயாளியின் நிலையைப் பாராமல் கல்லீரல் அழற்சி என்னும் பெயரை மட்டும் பார்த்து, இலட்சக்கணக்கானோர்க்குக் கொடுத்தனர். நுரையீரல் பாதிப்பால் பத்துப் பேர் இறந்தனர் என 1996இல் அந்நாட்டு அரசு எச்சரிக்கை விடுத்தது.

வெள்ளைப்புலிக் குடிநீர்

1954ஆம் ஆண்டுக் கோடையில் வடசீனத்தின் ஷிஜியாஜுவாங் நகரில் மழை வெள்ளத்தை அடுத்து மூளைக்காய்ச்சல் பரவியது. யப்பானிய மூளை அழற்சி எனப்படும் இந்நோய் ஒரு தீநுண்மியால் வருவது. நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசு, கொக்கு நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் அதனை மனிதருக்குக் கொண்டுவருகிறது. தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே நோய் கடுமையாகிறது. ஆனால் மூளை வீங்கும் அளவுக்கு முற்றியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கலாம். பிழைப்பவர்களிலும் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேர் வரை கைகால் செயலிழப்பு, வலிப்பு, பேச்சுக் குறைபாடு, நினைவுக் குறைபாடு ஆகியவற்றில் ஒன்றை வாழ்நாள் முழுதும் சுமக்க நேர்கிறது. பெரும்பாலும் அவர்கள் சிறுவர்கள்.

அந்நகரின் தொற்றுநோய் மருத்துவமனையில் மரபுவழி மருத்துவர் குவோ கெமிங் என்பவர் ஜாங்கின் நூலைத் திறந்தார். இரண்டாம் படிச் சுரத்துக்கு அங்கே வெள்ளைப்புலிக் குடிநீர் கூறப்பட்டிருந்தது. நம் சித்த மருத்துவத்தில் கற்பூர சிலாசத்து எனப்படும் ஜிப்சக்கல், ஜிமூ என்னும் கிழங்கு, அதிமதுரம், ஒரு கைப்பிடி அரிசி என நான்கே பொருள்கள். அரிசி வேகும் வரை காய்ச்ச வேண்டும். வெள்ளைப்புலி சீன மரபில் மேற்றிசைக்கும் இலையுதிர்காலத்துக்கும் உரிய விலங்கு. கோடையின் வெம்மையை அடுத்துவரும் குளிர்காற்று தணிப்பது போல உடலின் வெம்மையை அது தணிக்கும் என்பது பெயரின் கருத்து. குவோ அதனோடு வேறு மருந்துகளையும் சேர்த்து அளித்தார். பிழைத்தோர் மிகப் பலர் என அறிக்கை வந்தது. அரசின் நலத்துறை 1955இல் குழு அனுப்பி ஆராய்ந்து, பிற நகரங்களுக்கும் இம்முறையைப் பரிந்துரைத்தது.

1956ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரில் அதே நோய் பரவியது. அதே குடிநீரைக் கொடுத்தனர். பயன் இல்லை. சுரம் இறங்காமல் சிறுவர்கள் நினைவிழந்து கிடந்தனர். அப்போது சிசுவான் மாநிலத்திலிருந்து முந்தைய ஆண்டு தலைநகருக்கு அழைக்கப்பட்டிருந்த பூ ஃபூஜோ என்னும் முதிய மருத்துவர் நோயாளிகளை நேரில் பார்த்தார். அந்த ஆண்டு மழை மிகுதி, வெம்மையோடு ஈரமும் கலந்திருக்கிறது, முந்தைய நகரத்தின் நோய்நிலை இங்கில்லை என்று கண்டார். மருந்தை மாற்றினார். நிலைமை சீரடைந்ததாகச் சீன மருத்துவ வரலாறு பதிவுசெய்கிறது. நூலில் இருந்த மருந்தை விட்டுவிட்டு, நூலில் இருந்த முறையைப் பின்பற்றியவர் பூ ஃபூஜோ.

இந்த இரு ஆண்டுகளின் வெற்றியை இன்றைய அறிவியல் அப்படியே ஏற்பதில்லை. மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அன்று நடைபெறவில்லை. ஆண்டுக்கு ஆண்டு நோயின் கடுமை தானாகவே மாறும். உடல் வெப்பத்தைத் தணித்தல், மூச்சுக்குத் துணைசெய்தல் போன்ற மருத்துவமனைக் கவனிப்பும் அதே வேளையில் நடந்துகொண்டிருந்தது. இத்தீநுண்மியை அழிக்கும் மருந்து மேலை முறையிலோ கீழை முறையிலோ இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை. நினைவிழந்த சுரநோயாளிக்குப் பிற்காலச் சீனர் கொடுத்த உருண்டைகள் சிலவற்றில் பாதரசமும் பாடாணமும் கலந்திருப்பதால் அவற்றைத் தாமாக உண்பது தீங்கு.

வேலூரும் கொரட்டூரும்

சீனத்தின் நலத்துறை ஷிஜியாஜுவாங்குக்குக் குழு அனுப்பிய அதே 1955ஆம் ஆண்டில், இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இடம் தமிழகத்தின் வேலூர்ப் பகுதி. ஏரிப்பாசன நிலம் நெடுக நீரும் நெல்லும் கொக்கும் கொசுவும் ஒன்றாக வாழும் நாடு நம்முடையது. சென்னையின் மேற்கே கொரட்டூர் ஏரியில் இன்றும் நாரைகள் இறங்குகின்றன. வீடுகள் நிறைவதற்கு முன் அந்த ஏரிகளை நம்பியே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் நெல் விளைந்தது. இவை அமைந்த இடமெல்லாம் நோய் தோன்றிவிடும் என்பதில்லை. எனினும் மழைக்காலத்தில் சுரம் கண்ட பிள்ளை பிதற்றத் தொடங்கினாலோ, கழுத்து விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, வீட்டுக் கைமருந்தில் ஒரு மணி நேரம்கூடக் கழிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஜாங் எழுதிவைத்த அறிகுறிகளும் இவையே.

2005ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த ஆண்டே இந்திய அரசு, நோய் மிகுந்த மாவட்டங்களின் சிறுவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. அந்தத் தடுப்பூசி சீனத்திலிருந்து வந்தது. குவோ கெமிங் வெள்ளைப்புலிக் குடிநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்த அதே 1954ஆம் ஆண்டில், ஜாங் பிறந்த நான்யாங்குக்கு வடமேற்கே உள்ள சியான் நகரில், கொசுப் புழுக்களிலிருந்து ஒரு தீநுண்மியைப் பிரித்தெடுத்தனர். ஆய்வகத்தில் விலங்குகளின் உயிரணுக்களில் அதனை மீண்டும் மீண்டும் வளர்த்து, நோய் தரும் வலிமையை நீக்கி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து, 1988இல் தடுப்பூசியாக ஒப்புதல் பெற்றனர். எஸ்ஏ 14-14-2 என்பது அதன் பெயர். முதல் இரண்டு எழுத்துகள் சியான் நகரைக் குறிப்பவை.